எட்டுப் பேருக்கு ஒரு வாய்

கையெல்லாம் புளி. விரலிடுக்கில், நகக்கண்ணில், வளையலுக்கு அடியில் என்று எங்கும் ஏறிவிட்ட பிசுக்கோடு கைபேசியைத் தொட முடியாமல் மாதேஸ்வரி அதைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தாள். அது ஒளிரும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கிற கோழி மாதிரி கழுத்தை நீட்டிப் பார்ப்பதும், பார்த்துவிட்டுப் புளிக்குத் திரும்புவதுமாக ஒரு மணி நேரம் போயிருந்தது. இடது கால் பெருவிரலில் தூளிக்கயிறு. ஆட்டினால் தன்சிகா தூங்குவாள், நிறுத்தினால் முனகுவாள். ஓடு தட்டின பழத்தைப் பிளந்து, மழுங்கின கத்தியால் கொட்டையை நெம்பி, நாரை உருவி, சுளையைத் தட்டில் போட வேண்டியது, அடுத்த பழம். வேலைக்கு மூளை வேண்டாம். அதுதான் தொல்லை. மூளை சும்மா இருந்தால் ஒன்பதுக்குப் போய்விடுகிறது. இருபதுக்கு ஒன்பது. மத்தியானம் இரண்டரைக்குக் கற்பகவல்லி மேடம் பி.எட். குழுவில் போட்ட பட்டியலில் ரெஜினாவுக்குப் பத்தொன்பது, குமரவேல் அண்ணனுக்குப் பதினெட்டு, மற்ற ஐந்து பேருக்கும் பதினாறுக்குக் குறையாமல். மாதேஸ்வரிக்கு ஒன்பது. இணைய விவாத மன்றத்துக்கு மொத்தம் இருபத்தைந்து, தேறுவதற்குப் பன்னிரண்டு. மிச்சம் ஐந்து இன்றைய கடைசிக் கேள்விக்கு, அதில் மூன்று வாங்கியாக வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்கு மன்றத்தை மூடிவிடுவார்கள். வாங்காவிட்டால் அடுத்த வருசத்து ஆட்களோடு மறுபடி முதலிலிருந்து. ஜூனில் சேர்த்துக்கொள்கிறோம் என்று அரூர் பள்ளிக்கூடத்தில் சொன்னவர்கள் அடுத்த ஜூன் வரைக்கும் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்களா. அத்தை வேறு ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள், பிள்ளையை ரெண்டு வருசம் பார்த்துக்கறேன், மூணாவது வருசம்னு வாயைத் தொறக்காதே என்று. வீட்டுக்காரரோ போர்வெல் லாரியோடு ஆந்திராவில். ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் வந்து, முடிஞ்சுதா முடிஞ்சுதா என்று கேட்டுவிட்டுப் போகிற ஆள். இந்தக் கொட்டை வர மாட்டேன் என்கிறது. கேள்வி இதுதான்: இந்தப் பருவத்தில் உங்கள் சிந்தனையை மாற்றிய சக பயிற்சி ஆசிரியரின் பதிவு எது, ஏன்? படித்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சக பயிற்சி ஆசிரியரின் பதிவா. எங்கே இருக்கிறது அப்படி ஒன்று. அந்த மன்றத்தில் அந்த எட்டுப் பேர் குழுவில் இருக்கிற அத்தனை பதிவும், அத்தனை பதிலும், பதிலுக்குப் பதிலும் அவள் எழுதியவை.

யாரும் கத்தியைக் காட்டிக் கேட்கவில்லை. முதல் மாசம் ரெஜினாவின் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து அழுதாள், மாதேசு ஒரு பதிவு மட்டும் போட்டுடுடி, பாஸ்வேர்டு அம்மா பேரும் நூத்திஇருபத்திமூணும். போட்டாள். பதிலுக்கு ரெஜினா இவளுடைய அத்தனை சார்ட்டும் வரைந்து தந்தாள். மாதேஸ்வரி இதயம் வரைந்தால் அது கத்தரிக்காயாகத்தான் வரும். சரிக்குச் சரி என்று அதோடு விட்டிருக்கலாம். பிறகு குமரவேல் அண்ணன். தனியார் பள்ளியில் காலையிலிருந்து கத்திவிட்டு வருகிறவர், அவருக்குத் தமிழ்த் தட்டச்சு வராது. அவர் மாதிரிப் பாடத்திட்டம் எழுதித் தந்தார். பிறகு ஒருத்திக்கு டவர் இல்லை, ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்தி சும்மாவே கேட்டாள். ஒரு பதிவு, ரெண்டு பதில், வாரத்துக்கு ஆளுக்கு மூன்று. ஏரித்தண்ணி முறை வைக்கிற மாதிரி முறை வைத்தாள்: இந்த வாரம் ரெஜினா முதல் பதிவு, அண்ணன் அதை மறுப்பார், கல்யாணப்பெண் ரெண்டு பேரையும் சமாதானப்படுத்துவாள், அடுத்த வாரம் மடை மாறும். எல்லாரும் ஒரே குரலில் பேசினால் மேடம் பிடித்துவிடுவார் என்பதால் ஆளுக்கு ஒரு குரல் கொடுத்தாள். அண்ணனுக்குப் பழமொழியும் கொஞ்சம் அலட்சியமும். ரெஜினாவுக்கு மனசைத் தொடுகிற பேச்சு. இன்னொருத்திக்குப் பாடப்புத்தகத்து வெள்ளைக்கார அறிஞர்கள். நிஜத்தைச் சொன்னால், அந்த ஆறு மாசமும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சோறு வடிக்கும்போதே அண்ணன் என்ன சொல்லி மடக்குவார், அதை ரெஜினா எப்படித் திருப்புவாள் என்று மண்டைக்குள் ஓடும். சில நாள் அண்ணன் ஜெயித்துவிடுவார், இவளுக்கே அது பிடிக்காமல் மறுநாள் ரெஜினாவுக்குள் நுழைந்து அவரைக் கிழித்துப்போட்டுவிட்டு வருவாள். வீட்டில் யாரும் அவளிடம் எதையும் எதிர்த்துக்கூடப் பேசியதில்லை, செய் என்பார்கள், செய்வாள். ஏழு பேருக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் தன் பேருக்கு வரும்போது கண்ணு சொருகும், குழந்தை சிணுங்கும், ‘அருமையான கருத்து தோழி’, ‘நானும் வழிமொழிகிறேன்’, முடிந்தது. பந்தி விசாரித்தவளுக்குப் பானை அடி. எண்ணிக்கைதானே கணக்கு, மூன்று இருந்தால் போதும் என்று எல்லாரையும் போல அவளும் நம்பியிருந்தாள். எழுத்தில் இருக்கிற ஆழத்துக்கு மதிப்பெண் என்று இரண்டரை மணிக்குத்தான் பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் தெரிந்தது.

மூன்று மணிக்குக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேடத்துக்குப் போன் போட்டதுதான் தப்பு. போடாமலே இருந்திருக்கலாம். மேடம் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு பதிவையும் உட்கார்ந்து படிக்கிறவர், இந்த மன்றத்தை வைத்துத்தான் அவர் ஆய்வே செய்கிறார், மன்றத்தில் நன்றாக எழுதுகிறவர்கள் பரீட்சையிலும் நன்றாக எழுதுகிறார்கள் என்பது அவருடைய முடிவு, அடுத்த மாசம் கருத்தரங்கில் வாசிக்கப் போகிறார். முதலில் அன்பாகத்தான் ஆரம்பித்தார். யாராவது எதையாவது சொன்னால் ஒருதரமாவது எதிர்த்து எழுதியிருக்கிறீர்களா மாதேஸ்வரி, எல்லாத்துக்கும் தலையாட்டினால் நீங்கள் எப்படி வகுப்பில் பிள்ளைகளை யோசிக்க வைப்பீர்கள், ரெஜினாவைப் பாருங்கள், குமரவேலைப் பாருங்கள், அவர்கள் ரெண்டு பேரும் மோதிக்கொள்வதைப் படிக்க நானே ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கிறேன் என்றார். தலையாட்டினாள், போனில் தெரியாது என்பதையும் மறந்து. அப்புறம், என் வரைபடத்தில் நாற்பது புள்ளியும் ஒரு கோட்டில் ஏறுகிறது, உங்கள் புள்ளி மட்டும் தனியாக எங்கோ நிற்கிறது, மன்றத்தில் ஒன்பது, எழுத்துத் தேர்வில் எழுபத்தாறு, மையத்திலேயே முதல், எனக்குப் புரியவில்லை என்றார். இவளுக்கு உள்ளே குளிர்ந்தது, சந்தோஷத்தில். முதல் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். ஒரு நொடி, அந்த ஒரே ஒரு நொடி, மேடம் கண்டுபிடித்துவிட்டார், இப்போது கேட்கப் போகிறார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. மேடம் குரலைத் தாழ்த்தி, “பரீட்சை ஹால்ல உங்களுக்கு முன்னாடி ரெஜினாதானே உக்காந்திருந்தாங்க? உண்மையைச் சொல்லுங்கம்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார். இல்ல மேடம் என்றாள். ஏழு பேருக்கு வாய் கொடுத்தவளுக்குத் தன் வாய் ஒட்டிக்கொண்டது, புளி தின்ற மாதிரி. சரி, ஐந்து மணிக்குள் கடைசிக் கேள்விக்காவது சொந்தமாக யோசித்து எழுதுங்கள் என்று மேடம் வைத்துவிட்டார்.

சொந்தமாக யோசித்து. யோசிக்கிறேன் மேடம், அதற்கென்ன, காலையிலிருந்து அதைத்தானே செய்கிறேன். சொல்லிவிட்டால் என்ன. மேடம், எட்டும் நான்தான். சொன்னால் எட்டுப் பேரும் போவார்கள், இவளும் சேர்த்துத்தான். அண்ணனுக்கு நாற்பத்தி மூன்று வயசு, மகள் பிளஸ் டூ, இந்தச் சான்றிதழ் வந்தால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரை வைத்திருப்பார்கள். அந்த அண்ணன் குழுவில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார், அது தானாக ஓடுகிறது, முட்டியால் தட்டினதில் சத்தம் கூடிவிட்டது: “மாதேசும்மா, கடைசி ஒண்ணுதான், என் சிந்தனையை யாருது மாத்துச்சுன்னு பாத்து நீயே போட்டுடு. ரெஜினாது மட்டும் வேணாம், அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே தலை கனம்.” சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததில் ஆத்திரம் வந்தது. என் ஒன்பதைப் பற்றி இவர்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பட்டியலை எல்லாரும்தான் பார்த்தார்கள், எல்லாரும் அவரவர் பேரைத்தான் பார்த்தார்கள். நானும் முதலில் அவர்கள் பேரைத்தான் பார்த்தேனே, பத்தொன்பது என்றதும் நெஞ்சு விம்மியதே, என் பிள்ளை ஜெயித்த மாதிரி, அப்புறம்தானே கண்ணு கீழே இறங்கியது. வாசலில் அத்தை, இன்னும் ரெண்டு முறம் கிடக்குது, போனையே பாத்துக்கிட்டிருந்தா புளி தானா கொட்டை கக்குமா என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். இந்தா முடியுது அத்தை. கால் ஆடுகிறது. கத்தி நழுவிச் சுண்டுவிரலில் கீறி, புளி பட்டுச் சுள்ளென்று ஏறியது. எரியட்டும். சிந்தனையை மாற்றிய பதிவு. எதைச் சொன்னாலும் தன்னைத்தான் சொல்ல வேண்டும், தன்னைச் சொன்னாலும் தன் பேரைச் சொல்லக் கூடாது. பேசாமல் ‘அருமையான பதிவு’ என்று எதையாவது போட்டால் ஒன்றுதான் வரும். மூன்று வேண்டும். எதிர்க்க வேண்டும். எதை எதிர்ப்பது, எல்லாமே எனக்குச் சரி என்று பட்டதைத்தானே எழுதினேன். ஒன்றைத் தவிர. அதற்குப் போகாதே. வேறு எதையாவது எடு. கூட்டுக் கற்றல், தாய்மொழிக் கல்வி, எத்தனை இல்லை. ஒன்றைத் தவிர.

‘தண்டனை தேவையா’ என்ற வாரத்தில் முதல் பதிவு ரெஜினாவின் முறை. எழுத உட்கார்ந்தபோது கோகிலவாணி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். ரெண்டு பேருக்கும் கற்பித்தல் பயிற்சிக்கு ஒரே அரசு நடுநிலைப் பள்ளி, ரெஜினாவுக்கு ஏழாம் வகுப்பு, இவளுக்கு ஆறு. கோகிலவாணி ஆறாம் வகுப்பில் மூன்றாவது வரிசை. மூணு நாள் வீட்டுப்பாடம் இல்லை, கேட்டால் பேச்சு இல்லை, தரையைப் பார்த்தபடி நின்றாள். அன்று தன்சிகாவுக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, மேசையில் மர ஸ்கேல் கிடந்தது. ரெண்டு போட்டாள், உள்ளங்கையில். அழவில்லை அந்தப் பெண். மறுநாள் காலையில் நேராக மேசைக்கு வந்தாள், தானே ஸ்கேலை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தாள், பிறகு நோட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நோட்டில் வீட்டுப்பாடம் முழுசாக இருந்தது. ரெஜினாவின் பேரில் அந்தப் பதிவு இப்படி முடிந்தது: அந்த நிமிடமே நான் ஸ்கேலை முழங்காலில் வைத்து உடைத்தேன், வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது, அன்று நான் ஆசிரியை ஆனேன். நேர்முக வகுப்பில் மேடம் அதை மைக்கில் வாசித்தார். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள், யாரோ அவள் முதுகைத் தடவினார்கள், அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரி தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். தன் பேரில் அந்தப் பதிவுக்குக் கீழே அவள் எழுதியிருந்தது ஒரே வரி: அருமை தோழி, குழந்தைகளை அடிக்கக் கூடாது. ஸ்கேல் உடையவில்லை. அதை வாங்கிக்கொண்டாள், நோட்டைப் பார்த்தாள், போய் உக்காரு என்றாள். அதற்கு மறுநாளும் கோகிலவாணி வந்து ஸ்கேலைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நோட்டைத் திறந்தாள். அதற்கும் மறுநாள். பயிற்சி முடிகிற வரைக்கும், முப்பத்தி நாலு நாள். வேண்டாம் என்று ஒருநாள் சொல்லியிருக்கலாம். முதல் நாள் வெட்கமாக இருந்தது, ரெண்டாம் நாள் என்னவோ போல் இருந்தது, ஒரு வாரத்தில் பழகிவிட்டது, அப்புறம் அவள் வரத் தாமதமானால் கை தானாக நீண்டது. அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் ஒழுங்காக வீட்டுப்பாடம் எழுதினார்கள். ‘வகுப்புக் கட்டுப்பாடு மிக நன்று’ என்று தலைமையாசிரியர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்.

நாலு இருபது. கையைக் கழுவினாள், சீயக்காய் போட்டு, பிசுக்கு போகவில்லை. இடுப்பை நிமிர்த்தி உட்கார்ந்து தன் பேரில் நுழைந்து எழுத ஆரம்பித்தாள். என் சிந்தனையை மாற்றியது ரெஜினாவின் ஸ்கேல் பதிவு. ஆனால் அதன் முடிவை நான் ஏற்கவில்லை. நானும் அதே பள்ளியில் இருந்தேன். அந்த ஸ்கேல் உடையவில்லை. அந்த மாணவி பயிற்சி முடியும்வரை தினமும் அதை எடுத்து ஆசிரியை கையில் கொடுத்தாள், ஆசிரியை தினமும் வாங்கிக்கொண்டார். அடித்தது ரெண்டு அடி. வாங்கியது முப்பத்தி நாலு நாள். நல்ல முடிவு எழுதத் தெரிந்தவர்கள் நல்ல ஆசிரியர்கள் என்று நாம் எல்லாரும் நம்பிவிட்டோம், என்னை யோசிக்க வைத்தது அதுதான். விரல் வழுக்கவே இல்லை. ஆறு மாசத்தில் தன் பேரில் அவள் எழுதிய முதல் பத்தி. படித்துப் பார்த்தாள், அண்ணன் குரலும் இல்லை, ரெஜினா குரலும் இல்லை, யாரோ ஒரு கசப்புக்காரி. அனுப்பிவிட்டு மற்ற ஆறு பேருக்கும் வேகமாக ஆளுக்கு நாலு வரி போட்டு முடித்தாள், அண்ணனுக்கு ரெஜினாவைத் தவிர்த்து. ரெஜினா மட்டும் பாக்கி. மூன்று வந்துவிடும். ஏன், ஐந்தே வரலாம். எதிர்க்கச் சொன்னார்கள், எதிர்த்தாயிற்று. நாலு நாற்பத்தைந்துக்கு மேடத்தின் பதில் வந்தது. மாதேஸ்வரி, முதல்முறையாக எதிர்த்து எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் இது ஒரு சக ஆசிரியர் மீது கடுமையான குற்றச்சாட்டு. நீங்கள் அந்த வகுப்பறைக்குள் இருந்தீர்களா? ரெஜினா ஐந்து மணிக்குள் இங்கேயே பதில் சொல்லட்டும், அதைப் பார்த்து இருவருக்கும் மதிப்பெண் இடுகிறேன். படித்து முடிப்பதற்குள் ரெஜினாவே கூப்பிட்டுவிட்டாள். ஏன்டி இப்படிப் பண்ணின என்று அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. மேடம் கருத்தரங்குக் கட்டுரையில் அந்தப் பதிவைப் போடுகிறார்களாம், என் பேரோடு போடுகிறார்களாம், அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன் என்றாள்.

“உடைஞ்சுதா இல்லையாடி?”

“உடையல.”

“அப்ப நான் என்னன்னு எழுதட்டும்?”

வை, நான் பாத்துக்கறேன் என்றாள் மாதேஸ்வரி. நாலு ஐம்பத்திரண்டு. ஆமாம், உடையவில்லை என்று ரெஜினாவின் பேரில் எழுதிவிட்டால் இவளுக்கு மூன்று நிச்சயம், ஆனால் முப்பத்தி நாலு நாளும் அப்புறம் ரெஜினாவின் தலையில்தான் விழும். ஒரு பிள்ளையின் மேல்கூடக் கை வைக்காதவள் அவள், ஈ அடிக்கவே யோசிப்பாள். அப்படியானால் தன் பேரிலேயே எழுத வேண்டும். எழுதினாள். அந்த ஆசிரியை நான்தான். மூன்றே சொல், திரையில் எவ்வளவு சின்னதாக இருக்கிறது. அரூர் பள்ளிக்கூடத்துத் தாளாளர் முகம் வந்தது, அடுத்து கோகிலவாணியின் கை. கை மட்டும்தான் வருகிறது, முகம் ஞாபகமில்லை, முப்பத்தி நாலு நாளும் முகத்தைப் பார்க்கவில்லையா நான். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மாதேஸ்வரியிலிருந்து வெளியேறினாள், அம்மா பேரும் நூற்றி இருபத்து மூன்றும் போட்டு ரெஜினாவுக்குள் நுழைந்தாள், நுழைந்ததும் எப்போதும் போல மூச்சு சீரானது, தடுமாற்றம் போன இடம் தெரியவில்லை. என் தோழி மாதேஸ்வரியின் மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். அவர் பக்கத்து வகுப்பில் இருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? தன்னால் உடைக்க முடியாத ஒன்றை இன்னொருத்தி உடைத்துவிட்டாள் என்றால் சிலருக்கு அதைத் தாங்க முடிவதில்லை. அந்த ஸ்கேலின் ரெண்டு துண்டும் இன்றைக்கும் என் வீட்டில் இருக்கிறது. அந்த மேசைக்கு முன்னால் நின்றது நான். நீங்கள் இல்லை, தோழி. ஒருதரம் படித்தாள். ‘சிலருக்கு’ என்பதை மட்டும் ‘சில மனங்களுக்கு’ என்று திருத்தினாள், அதுதான் ரெஜினா சொல்வாள். சிந்தனையை மாற்றிய பதிவுக்கு அண்ணனுடையதைச் சொல்லி ரெண்டு வரி சேர்த்தாள். அனுப்பினாள். நாலு ஐம்பத்தொன்பது.

ஐந்து ஐந்துக்கு மேடம் மதிப்பெண் போட்டார். ரெஜினா ஐந்து. மாதேஸ்வரி ஒன்று, பொறாமை விமர்சனமாகாது என்று ஒரு குறிப்பு. ஒன்பதும் ஒன்றும் பத்து. கொஞ்ச நேரத்தில் ரெஜினாவிடமிருந்து செய்தி வந்தது.

“படிச்சிட்டேன்டி. நான் இவ்ளோ கோவக்காரியா?”